அமெரிக்கக் கட்சி அரசியலும் அரசின் அளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டனில் அரசு முடங்கியது, கடன் ஏறியது, ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை. தொகைகள் எல்லாம் டாலரில். அங்கே டிரில்லியன் என்பது நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி. மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. 2024 நிதியாண்டு என்றால் 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரை.

அமெரிக்க மத்திய அரசு உண்மையில் எவ்வளவு பெரியது?

பணத்தை வைத்து அளந்தால் மிகப் பெரியது. 2024 நிதியாண்டில் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி, வரவு 4.92 லட்சம் கோடி. துண்டு விழுந்தது 1.83 லட்சம் கோடி. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 23 சதவீதம் மத்திய அரசு வழியாகச் செலவானது.

ஆட்களை வைத்து அளந்தால் கதை வேறு. அஞ்சல் துறையையும் ராணுவத்தினரையும் விட்டுவிட்டால் 2024-ல் மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 23 லட்சம் பேர். 1960-களின் பிற்பகுதியிலும் ஏறக்குறைய இதே எண்ணிக்கைதான். அப்போது மக்கள்தொகை 20 கோடி, இப்போது 34 கோடி. ஆக, தலைக்கணக்கில் அரசு சுருங்கியிருக்கிறது. ஆனால் வேலை குறையவில்லை, இடம் மாறியது. ஒரு பகுதி ஒப்பந்த நிறுவனங்களிடம் போனது: 2023 நிதியாண்டில் ஒப்பந்தங்களுக்கு மட்டும் சுமார் 76,000 கோடி. இன்னொரு பகுதி, வாஷிங்டன் தரும் மானியத்தோடு மாநிலங்களிடம் போனது.

மக்கள் அன்றாடம் முகம் பார்க்கும் அரசு பெரும்பாலும் வாஷிங்டனுடையது அல்ல. பள்ளிக்கூடம், போலீஸ், குடிநீர், தெருச்சாலை எல்லாம் மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் கையில். அவற்றில் சுமார் 2 கோடிப் பேர் வேலை செய்கிறார்கள். 2022 கணக்கெடுப்பில் உள்ளாட்சி அமைப்புகள் மட்டும் 90,837.

அப்படியானால் ஊழியர்களைக் குறைத்தால் செலவு குறையாதா?

குறையும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், பட்ஜெட் அலுவலகக் கணக்குப்படி 2022-ல் சிவில் ஊழியர்களின் சம்பளமும் சலுகைகளும் சேர்த்து 27,100 கோடி. அந்த ஆண்டின் மொத்தச் செலவில் இது நான்கரை சதவீதம்கூட இல்லை. அதிலும் பத்தில் ஆறு பேர் பாதுகாப்புத் துறை, முன்னாள் படைவீரர் நலத்துறை, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆகிய மூன்றில் இருப்பவர்கள். இந்த மூன்றிலும் கைவைக்க இரண்டு கட்சிகளுமே தயங்கும்.

2025 இதற்கு நல்ல பரிசோதனை. எலான் மஸ்க் முன்னின்று நடத்திய 'டோஜ்' குழு முதலில் 2 லட்சம் கோடி மிச்சப்படுத்துவதாகச் சொன்னது, பிறகு 1 லட்சம் கோடிக்கு இறங்கியது. லட்சக்கணக்கானோர் வேலையை விட்டார்கள் அல்லது நீக்கப்பட்டார்கள். ஆனால் 2025 நிதியாண்டின் மொத்தச் செலவு ஏறி, சுமார் 7 லட்சம் கோடியைத் தொட்டது. காரணம் எளிது: தாமாக விலகுவோருக்கான திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குச் செப்டம்பர் இறுதிவரை சம்பளம் போனது, ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் வட்டியும் தம் போக்கில் ஏறின. வரித்துறையில் தணிக்கையாளர்களைக் குறைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. வருகிற வரியும் குறையும்.

பணம் எங்கேதான் போகிறது?

நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். 2024 நிதியாண்டில்:

முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான சோஷியல் செக்யூரிட்டி: சுமார் 1.45 லட்சம் கோடி.
முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட் என்ற இரண்டு மருத்துவத் திட்டங்கள்: சேர்த்து ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி.
கடனுக்கான நிகர வட்டி: சுமார் 88,000 கோடி.
ராணுவம்: சுமார் 85,000 கோடி.

மொத்தச் செலவில் கிட்டத்தட்ட எழுபது சதவீதம் இங்கேயே முடிந்தது. வட்டி ராணுவத்தைத் தாண்டிவிட்டதைக் கவனியுங்கள். மேடைகளில் அதிகம் திட்டு வாங்கும் வெளிநாட்டு உதவி மொத்தத்தில் சுமார் ஒரு சதவீதம்.

இதில் சோஷியல் செக்யூரிட்டியும் இரண்டு மருத்துவத் திட்டங்களும் ஆண்டுதோறும் ஓட்டெடுப்புக்கே வருவதில்லை. தகுதி உள்ள ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று சட்டத்தில் எழுதியிருப்பதால், வயதானவர்கள் கூடக்கூடச் செலவு தானாக ஏறும். இப்படித் தானாக ஓடும் செலவு மொத்தத்தில் சுமார் அறுபது சதவீதம், வட்டி பதின்மூன்று. காங்கிரஸ் ஆண்டுதோறும் உட்கார்ந்து ஒதுக்குவது மிச்சமிருக்கும் கால்வாசியைத்தான், அதிலும் ஏறக்குறைய பாதி ராணுவத்துக்குப் போய்விடும்.

சோஷியல் செக்யூரிட்டி தீர்ந்துபோகும் என்கிறார்களே?

முழுதாகத் தீராது. ஊழியர் 6.2 சதவீதம், முதலாளி 6.2 சதவீதம் என்று சம்பளத்திலிருந்து வரி வந்துகொண்டே இருக்கும். 2025-ல் ஆண்டு வருமானத்தின் முதல் 1,76,100 டாலருக்கு மட்டுமே இந்த வரி. பிரச்சினை, 1960-ல் ஒரு பயனாளிக்கு ஐந்து உழைப்பாளிகள் இருந்தார்கள், இப்போது மூன்று பேர்கூட இல்லை என்பது. முதியோர் நிதியின் கையிருப்பு 2033-ல் கரையும், அதன்பின் வரும் வரியை வைத்து 77 சதவீதம்தான் கொடுக்க முடியும் என்கிறது அறங்காவலர்களின் 2025 அறிக்கை. வரியைக் கூட்டு, உச்சவரம்பை நீக்கு, ஓய்வு வயதை உயர்த்து: வழிகள் எல்லாருக்கும் தெரியும். தேர்தலில் சொல்லத்தான் ஆள் இல்லை.

எச்1பி விசாவில் வேலை பார்ப்பவர்களும் இந்த வரியைக் கட்டுகிறார்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கான சமூகக் காப்பு ஒப்பந்தம் இல்லை. 40 காலாண்டு, அதாவது குறைந்தது பத்து ஆண்டு கணக்கு சேராமல் ஊர் திரும்பினால் ஓய்வூதியம் கிடைக்காது.

'சிறிய அரசு' என்று சொல்லும் கட்சி எது, செய்த கட்சி எது?

சொல்வது குடியரசுக் கட்சி. தீர்வு அரசு அல்ல, பிரச்சினையே அரசுதான் என்ற பொருளில் ரேகன் 1981 பதவியேற்பில் பேசியது இன்றும் அவர்களின் வேதவாக்கு. ஆனால் பெரிய அரசின் காலம் முடிந்தது என்று 1996-ல் அறிவித்தவர் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன். 1998 முதல் 2001 வரை நான்கு நிதியாண்டுகள் பட்ஜெட் உபரியில் இருந்தது. அதில் கிளின்டனுக்கும் பங்குண்டு, குடியரசுக் கட்சிக் காங்கிரஸுக்கும் பங்குண்டு, பங்குச்சந்தை ஏற்றத்தால் கொட்டிய வரிக்கும் பங்குண்டு.

பிறகு நடந்ததைப் பாருங்கள். மெடிகேரில் மருந்துச் செலவைச் சேர்த்தது 2003-ல் குடியரசுக் கட்சியின் புஷ். மருத்துவக் காப்பீட்டை விரித்தது 2010-ல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா. 2020 மார்ச்சில் 2.2 லட்சம் கோடி நிவாரணம் டிரம்ப் கையெழுத்து, 2021-ல் 1.9 லட்சம் கோடி பைடன் கையெழுத்து. 2025 ஜூலையில் வந்த வரிச் சட்டம் பத்தாண்டில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி கூட்டும் என்று பட்ஜெட் அலுவலகம் கணித்தது. ஒரு கட்சி வரியைக் குறைக்கிறது, இன்னொன்று திட்டத்தைக் கூட்டுகிறது. இரண்டுக்கும் பில் ஒன்றுதான், அது கடன் கணக்கில் ஏறுகிறது. கட்சிகள் இந்த விஷயத்தில் ஒன்றையொன்று எதிர்ப்பதைவிட ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருக்கின்றன என்பதே எங்கள் கணிப்பு.

ஷட்டவுன் (அரசு முடக்கம்) எப்படி வருகிறது?

நம் நாட்டில் மக்களவையில் பட்ஜெட் தோற்றால் ஆட்சி கவிழும். அங்கே அதிபர் அப்படியே இருப்பார், பணம்தான் நிற்கும்.

ஒவ்வொரு ஆண்டும் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் செப்டம்பர் 30-க்குள் நிறைவேற வேண்டும். இன்றைய பட்ஜெட் நடைமுறை வந்தது 1974 சட்டத்தால். அதற்குப் பின் எல்லாம் நேரத்தோடு முடிந்தது நான்கே நிதியாண்டுகளில்: 1977, 1989, 1995, 1997. மற்ற ஆண்டுகளில் பழைய அளவிலேயே சில வாரம், சில மாதம் ஓட்டும் இடைக்காலத் தீர்மானம் போடுவார்கள். அதுவும் நிறைவேறாவிட்டால் முடக்கம். ஒதுக்கீடு இல்லாமல் அரசு செலவு செய்யக் கூடாது என்ற சட்டம் பழையது. ஆனால் அதைக் கறாராகப் பொருள் கொண்டு அலுவலகத்தையே மூட வேண்டும் என்று அரசின் தலைமை வழக்கறிஞர் சிவிலெட்டி கருத்துரைத்தது 1980-ல். அதற்கு முன் ஒதுக்கீடு தவறினாலும் வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நீண்ட முடக்கங்கள்: 1995 டிசம்பரில் தொடங்கியது 21 நாள், 2013-ல் 16 நாள், 2018 டிசம்பரில் தொடங்கியது 35 நாள், 2025 அக்டோபர் 1-ல் தொடங்கியது 43 நாள். கடைசியாகச் சொன்னதில் சண்டை மருத்துவக் காப்பீட்டு மானிய நீட்டிப்பு பற்றியது.

விமானக் கட்டுப்பாட்டாளர், விமான நிலையச் சோதனையாளர், எல்லைக் காவலர், ராணுவத்தினர் வேலைக்கு வந்தே ஆக வேண்டும், சம்பளம் பின்னால்தான். மற்றவர்கள் வீட்டில். 2019-ல் வந்த சட்டம் இரு தரப்புக்கும் பின்சம்பளம் தருகிறது. ஒப்பந்த நிறுவனத்தின் துப்புரவாளருக்கும் காவலாளிக்கும் அது இல்லை. அரசு செலவு மிச்சம் என்பதும் கிடையாது: செய்யாத வேலைக்கும் சம்பளம் போகிறது. 35 நாள் முடக்கத்தால் உற்பத்தி இழப்பு 1,100 கோடி, அதில் 300 கோடி திரும்ப வராதது என்று பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. அந்த முடக்கம் 2019 ஜனவரி 25-ல் முடிந்தது. அன்று காலை கட்டுப்பாட்டாளர்கள் போதாமல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன.

கடன் உச்சவரம்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஷட்டவுனில் புதிய செலவுக்கு அனுமதி இல்லை. கடன் உச்சவரம்பில், காங்கிரஸ் ஏற்கெனவே அனுமதித்த செலவுக்குக் கடன் வாங்க அனுமதி இல்லை. வரம்பைத் தொட்டதும் கருவூலம் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிகளில் புதிய முதலீட்டை நிறுத்தி வைப்பது போன்ற கணக்கு வித்தைகளால் சில மாதம் தள்ளும். அதுவும் தீர்ந்தால் கடன் பத்திரத்துக்கே பணம் தர முடியாத நிலை வரும். அதுவரை ஒருபோதும் போனதில்லை. ஆனால் விளிம்புவரை போனதற்கே 2011 ஆகஸ்டில் எஸ் அண்டு பி என்ற கடன் தர மதிப்பீட்டு நிறுவனம் அமெரிக்காவின் உச்சத் தரத்தை ஒரு படி இறக்கியது. 2023-ல் ஃபிட்ச், 2025-ல் மூடிஸ் தொடர்ந்தன. 2025 ஜூலைச் சட்டம் வரம்பை 5 லட்சம் கோடி உயர்த்தி 41.1 லட்சம் கோடி ஆக்கியது. செலவைக் கட்டுப்படுத்த இந்த வரம்பு உதவியதாகச் சொல்வது கடினம். பேரம் பேச மட்டும் நன்றாக உதவுகிறது.

காங்கிரஸ் உறுப்பினர்கள் ஏன் சமரசத்துக்கு வருவதில்லை?

அவர்கள் பயப்படுவது எதிர்க்கட்சிக்கு அல்ல, சொந்தக் கட்சியின் பிரைமரி தேர்தலுக்கு.

அமெரிக்காவில் வேட்பாளரைக் கட்சித் தலைமை நிறுத்துவதில்லை. கட்சியின் வாக்காளர்கள் பிரைமரியில் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டை. அங்கே நவம்பர் தேர்தல் சடங்கு, பிரைமரியே தேர்தல். ஆனால் அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டில் பிரைமரிக்கு வருவது தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அவர்கள் கட்சியிலேயே தீவிரமானவர்கள்.

இரண்டு கட்சியிலும் உதாரணம் உண்டு. 2014-ல் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர் வர்ஜீனியாவில் பிரைமரியில் தோற்றார். ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தொகுதியில் விழுந்த வாக்குகள் சுமார் 65,000. 2018-ல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர் ஜோ கிரௌலியை ஒகாசியோ-கோர்ட்டெஸ் தோற்கடித்தபோது மொத்த வாக்குகள் 30,000-க்கும் குறைவு. இந்த இரண்டு முடிவுகளையும் பார்த்த மற்ற உறுப்பினர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

தொகுதி எல்லையை வளைப்பது என்பது என்ன?

பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதிகளைத் திரும்ப வரைவார்கள். பெரும்பாலான மாநிலங்களில் வரைவது மாநிலச் சட்டமன்றம், அதாவது ஆளும் கட்சி. தனக்குச் சாதகமாக எல்லையை வளைத்து வரைவதற்கு ஜெர்ரிமாண்டரிங் என்று பெயர். 1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்புக்கொண்ட ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரினத்தின் வடிவில் இருந்ததாகப் பத்திரிகைக் கேலிச்சித்திரம் வந்தது.

கணக்கு இப்படி வேலை செய்யும். 500 வாக்காளர்கள், தலா 100 பேரோடு 5 தொகுதிகள். 'அ' கட்சிக்கு 200 வாக்கு, 'ஆ' கட்சிக்கு 300. வரைபவர் 'ஆ' கட்சியினரை இரண்டு தொகுதிகளில் 90-க்கு 10 என்று திணித்துவிடுகிறார். மீதி மூன்றில் 'அ' 60, 'ஆ' 40. சிறுபான்மை வாக்கு பெற்ற கட்சிக்கு மூன்று இடம், பெரும்பான்மைக்கு இரண்டு.

நிஜத்தில்: 2018-ல் விஸ்கான்சின் மாநிலக் கீழவைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி அதிக வாக்கு பெற்றும், 99-ல் 63 இடம் குடியரசுக் கட்சிக்குப் போனது. மறுபக்கம் இல்லினாயில் 17 காங்கிரஸ் தொகுதிகளில் 14 ஜனநாயகக் கட்சி கையில், அவர்கள் வாக்கு பலம் அவ்வளவு இல்லாதபோதும். கட்சி நோக்கில் எல்லை வரைவதை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் 5-4 எனத் தீர்ப்பளித்தது. அதன் பலன் 2025-ல் தெரிந்தது. கணக்கெடுப்புக்குக் காத்திராமலே டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடும்படி எல்லையை மாற்ற, சுயேச்சை ஆணையம் வைத்திருந்த கலிஃபோர்னியா நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்த ஆணையத்தின் வரைபடத்தைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்தது.

காங்கிரஸின் மேலவையான செனட்டில் 51 பேர் இருந்தால் போதாதா?

சாதாரண மசோதாவுக்குப் போதாது. விவாதத்தை முடிக்க 100-ல் 60 பேர் வேண்டும் என்பது 1975 முதல் உள்ள விதி. நின்றுகொண்டு மணிக்கணக்கில் பேச வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. 41 பேர் சம்மதிக்காவிட்டாலே நிற்கும். நியமனங்களுக்கு இந்த விதியை 2013-ல் ஜனநாயகக் கட்சியும், உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு 2017-ல் குடியரசுக் கட்சியும் நீக்கின.

வரியும் செலவும் தொடர்பானவற்றை மட்டும் 'ரீகன்சிலியேஷன்' என்ற சிறப்பு வழியில் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்றலாம். அதனால் ஆளும் கட்சி தன் ஆசையை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி அதில் தள்ளுகிறது. 2017, 2021, 2022, 2025 சட்டங்கள் அப்படி வந்தவையே. இந்த வழியில் சோஷியல் செக்யூரிட்டியைத் தொட விதி அனுமதிக்காது. பெரிய செலவைச் சரிசெய்ய இரு கட்சியும் தேவை, இரு கட்சியும் சேர வழியில்லை என்பது இங்கேதான் முட்டுகிறது.

அதிபரே தேவையற்ற செலவை வெட்டக் கூடாதா?

முழு மசோதாவை ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம். மசோதாவில் உள்ள தனித்தனிச் செலவு இனங்களை மட்டும் வெட்டும் அதிகாரத்தை 1996-ல் காங்கிரஸ் சட்டமாகக் கொடுத்தது. 1998-ல் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. ஒதுக்கிய பணத்தைச் செலவிடாமல் பிடித்து வைப்பதை 1974 சட்டம் தடுக்கிறது: ரத்து கோரி எழுதலாம், காங்கிரஸ் ஒப்ப வேண்டும். 2025 ஜூலையில் அப்படி ரத்தானது சுமார் 900 கோடி. ஆண்டுச் செலவோடு ஒப்பிட்டால் அரை நாள் செலவு.

மூன்றாவது கட்சி ஏன் வளரவில்லை?

ஒரு தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெல்வார் என்பதால் பரவலான ஆதரவு இடமாக மாறாது. 1992-ல் ராஸ் பெரோ நாடு முழுவதும் கிட்டத்தட்ட 19 சதவீத வாக்கு வாங்கினார். ஆனால் மாநிலவாரியாகக் கணக்கிட்டு அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்கு பூஜ்யம். 2000-ல் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடர் ஃபுளோரிடாவில் 97,488 வாக்கு பெற்றார், புஷ் அங்கே வென்றது 537 வாக்கில். வாக்கைப் பிரித்தவர் என்ற பழிதான் மிச்சம். போதாததற்கு வாக்குச்சீட்டில் பெயர் வரவே மாநிலத்துக்கு ஒரு விதி: சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நிற்க டென்னசியில் 275 கையெழுத்து போதும், கலிஃபோர்னியாவில் 2024-ல் இரண்டு லட்சத்துக்கு மேல் வேண்டியிருந்தது.

எந்தச் சீர்திருத்தமாவது பலன் தந்திருக்கிறதா?

பிரைமரியை மாற்றியது ஓரளவு தந்திருக்கிறது. கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பிரைமரியில் நிற்பார்கள், முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். அலாஸ்காவில் முதல் நால்வர். அங்கே நவம்பரில் வாக்காளர் 1, 2, 3 என விருப்ப வரிசை இடுவார்.

2021-ல் டிரம்ப்பைப் பதவிநீக்கக் குற்றம்சாட்ட வாக்களித்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் பத்துப் பேர். நால்வர் போட்டியிடவில்லை, நால்வர் பிரைமரியில் தோற்றனர். 2022-ல் மீண்டும் வென்ற இருவரும் கலிஃபோர்னியா, வாஷிங்டன்காரர்கள். செனட்டில் அப்படி வாக்களித்து 2022-ல் தேர்தலைச் சந்தித்த ஒரே குடியரசுக் கட்சியாளர் அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி, வென்றார். மருந்து எல்லாருக்கும் கேட்காது என்பதும் உண்மை: அதே வாஷிங்டன் மாநிலத்தின் இன்னொரு பிரதிநிதி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டுத் தோற்றார். அலாஸ்காவில் இந்த முறையை ஒழிக்க 2024-ல் நடந்த வாக்கெடுப்பு ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில்தான் தோற்றது.

எச்1பி-யில் இருப்பவரை ஷட்டவுன் எப்படிப் பாதிக்கும்?

குடியுரிமைச் சேவைத் துறை கட்டணத்தில் ஓடுவதால் பெரும்பாலும் திறந்திருக்கும். சிக்கல் தொழிலாளர் துறையில். எச்1பி மனுவோடு வைக்க வேண்டிய, சம்பளமும் வேலை நிபந்தனையும் பற்றிய எல்சிஏ சான்றை அங்கேதான் வாங்க வேண்டும். அத்துறைக்கு ஒதுக்கீடு இல்லாவிட்டால் இணையதளமே நின்றுவிடும். 2013-லும் 2025-லும் நின்றது. 2018-19-ல் அத்துறைக்கு முன்பே பணம் ஒதுக்கியிருந்ததால் நிற்கவில்லை. கிரீன் கார்டுக்கான பெர்ம் என்ற தொழிலாளர் சான்று விண்ணப்பமும் இதே துறையில்தான். எல்சிஏ சான்று வர வழக்கமாக ஏழு வேலை நாள் ஆகும், வேலை தொடங்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை விசா முடிகிறவர் செப்டம்பர் நடுவிலேயே நிறுவனத்தின் வழக்கறிஞரை நெருக்குவது நல்லது.

குடியுரிமை பெற்றுவிட்டேன். பிரைமரியில் வாக்களிக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் மாநிலப் பிரைமரி திறந்ததா மூடியதா என்று மாநிலத் தேர்தல் அலுவலக இணையதளத்தில் பாருங்கள். மூடியது என்றால் கட்சியின் பெயரில் பதிவு செய்தவர்களுக்கே வாக்கு. சுயேச்சையாகப் பதிந்திருந்தால் நவம்பர்வரை உங்களுக்கு வேலையில்லை. அடுத்து, கட்சி மாற்றும் கடைசி நாள். இது வாக்காளர் பதிவின் கடைசி நாளைவிடப் பல மாதம் முன்னதாக வரலாம்; நியூயார்க்கில் ஜூன் பிரைமரிக்குப் பிப்ரவரி 14. பெரும்பாலோர் தவறவிடுவது இங்கேதான். மாதிரி வாக்குச்சீட்டைத் தரவிறக்கிப் பள்ளி வாரியம், மாவட்ட ஆணையர் போன்ற கீழ்ப்பதவிகளையும் பார்த்து வையுங்கள்.

கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் மத்தியத் தேர்தலில் வாக்களிக்கக் கூடாது, பதிவும் செய்யக் கூடாது. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் நிரப்பும் படிவத்திலேயே வாக்காளர் பதிவுக் கட்டம் இருக்கும். கவனிக்காமல் 'ஆம்' என்று டிக் செய்துவிட்டால் பின்னால் குடியுரிமை மறுப்பு, நாடு கடத்தல்வரை போகலாம். தவறிப் பதிந்துவிட்டால், வாக்களிக்காமல், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுப் பதிவை எழுத்தில் ரத்து செய்து அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் இது பற்றி நேரடியாகவே கேட்பார்கள்.